கார்டு பெருசு, பெட்டி சிறுசு: ஆர்டர் போடும் முன் ஸ்கேலை எடுங்க!

"அக்கா, கார்டு உள்ள போமாட்டேங்கு."

சிவகிரியிலிருந்து சித்தி மகன் வீடியோ காலில் வந்தபோது ராத்திரி பத்து மணி. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் அவனுக்குத் தொழில். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட சின்ன டெஸ்க்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கி வேலையை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ரிசப்ஷன் வீடியோ ரெண்டர் ஆக விடிஞ்சிடுதுன்னு, ரெண்டு முகூர்த்தத்தில் வந்த பணத்தை அப்படியே போட்டு ஆன்லைனில் ஆர்.டி.எக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டான். மூணு ஃபேன் வைத்தது. மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தால் நீளமும் இடிக்குது, உயரமும் இடிக்குது.

"பக்கத்துத் தகரத்தை வெட்டிரட்டாக்கா?" என்று கேட்டான். கையில் ஆக்ஸா பிளேடு தயாராக இருந்தது.

வெட்ட வேண்டாம் என்றேன். ஏன் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏன்னா, இது அவன் ஒருத்தனோட கதை இல்லை.

ஏன் இப்போ இந்தப் பிரச்சினை?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசஸர்கள் கிட்டத்தட்ட எதுவுமே விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களைக்கூட அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அவை சென்னை ரிச்சி தெரு மாதிரியான சந்தைகள் வழியாகச் சின்ன ஊர்களுக்கு வந்து சேர்கின்றன.

இவற்றில் பல 'ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்' எனப்படும் சின்னப் பெட்டிகள். மேஜையில் இடத்தை அடைக்காது, விலை குறைவு, உழைப்பும் நன்றாக இருக்கும். ஆனால் எக்செல் ஷீட்டும் பில்லிங்கும் ஓட்டத்தான் அவற்றை வடிவமைத்தார்கள். அதற்குள் கேமிங் கார்டு நுழைவதற்கு மூன்று அளவுகள் ஒத்துவர வேண்டும்.

முதல் அளவு: இடம்

எல்லாரும் நீளத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். உண்மையில் நீளம், உயரம், தடிமன் மூன்றுமே முக்கியம்.

வழக்கமான கார்டின் போர்டு சுமார் 111 மி.மீ. உயரம் இருக்கும். சின்னப் பெட்டிகளுக்கான 'லோ புரொஃபைல்' கார்டு 69 மி.மீ.க்குள் முடிந்துவிடும். தம்பியின் பெட்டி இந்த இரண்டாவது வகை. அதாவது அவன் வாங்கிய கார்டு ஒற்றை ஃபேனோடு குட்டையாக இருந்திருந்தாலும் மூடியை மூடியிருக்க முடியாது.

அடுத்து தடிமன். மதர்போர்டில் ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்த ஸ்லாட்டுக்கும் இடைவெளி 20.32 மி.மீ. பெரும்பாலான கார்டுகள் இரண்டு ஸ்லாட் இடத்தை எடுத்துக்கொள்ளும். சில சின்னப் பெட்டிகளில் கிராபிக்ஸ் ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை இருக்கும். அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டு தவிர வேறெதுவும் உட்காராது.

கேபிளுக்கும் இடம் வேணும். கார்டின் மேல் விளிம்பில் செருகும் பவர் கேபிள் வளைந்து திரும்ப வேண்டும், மூடி அதை அழுத்தக் கூடாது. 2022 அக்டோபரில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ் 4090 கார்டுகளில் சில, கனெக்டர் உருகிப்போன செய்தி நினைவிருக்கலாம். பிளக் முழுசாகச் செருகப்படாததுதான் முக்கியக் காரணம் என்று அந்த நவம்பரில் என்விடியா சொன்னது. அது 450 வாட் கார்டு, நம் கதைக்குச் சம்பந்தமில்லாத பெரிய ஆள்தான். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: நெருக்கிப்பிடித்துத் திணிக்கும் இடத்தில் கேபிள்தான் முதலில் அடி வாங்கும்.

இரண்டாவது அளவு: கரண்ட்

தகரத்தை வெட்டினால் முதல் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால்தான் வெட்டுவது ஆபத்து. அடுத்த பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது.

தம்பியின் கம்ப்யூட்டரில் இருப்பது 180 வாட் பவர் சப்ளை. 3060 கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். மீதி பத்து வாட்டில் பிராசஸர், ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் ஓடணுமாம்!

மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் பவர் சப்ளையிலிருந்து தனி கேபிள் வேண்டும். ஆறு பின் கேபிளில் 75 வாட், எட்டு பின் கேபிளில் 150 வாட். ஆபீஸ் பெட்டிகளில் இந்தக் கேபிளே பெரும்பாலும் இருக்காது.

"அதுக்குத்தான் அடாப்டர் கிடைக்குதேக்கா" என்றான் தம்பி. கிடைக்கிறது, அதுதான் கவலை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் பிளக்கை எட்டு பின்னாக மாற்றும் அடாப்டர் மலிவு விலைக்கே வருகிறது. ஆனால் ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அதன் வழியாக 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். ராத்திரி ரெண்டருக்குப் போட்டுவிட்டுத் தூங்கும் வீட்டில் இது விளையாட்டு இல்லை.

சரி, பவர் சப்ளையையே மாற்றிவிடலாமா? அதுவும் லேசில்லை. இந்த ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டுக்குப் போகும் பிளக்கும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை உள்ளே உட்காராது.

மூன்றாவது அளவு: சூடு

கார்டு எடுக்கும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். 170 வாட் கார்டு என்றால் பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றே முக்காலை ஒரு தகர டப்பாவுக்குள் எரியவிட்ட மாதிரி. திறந்த ஃபேன் கார்டுகள் அந்தச் சூட்டைப் பெட்டிக்குள்ளேயே சுற்றவிடும். புளோயர் வகை கார்டுகள் பின்பக்கம் வெளியே தள்ளும். சின்னப் பெட்டிக்கு இதுதான் தேவலை, சத்தம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

சாரல் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து காற்று குளுகுளுன்னு வரும். சித்திரை வெயிலில், தகரக் கூரை போட்ட மாடி அறையில் நிலைமை வேறு. சூடு ஏறினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசுக்கு வேகம் கிடைக்காது.

பேரை நம்பாதீங்க

'ஆர்.டி.எக்ஸ் 3050' என்ற ஒரே பெயரில் இரண்டு விதம் உண்டு. 2022-ல் வந்த 8 ஜி.பி. கார்டுக்கு 130 வாட், தனி கேபிள் வேண்டும். 2024-ல் வந்த 6 ஜி.பி. கார்டுக்கு 70 வாட்தான், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், லோ புரொஃபைலிலும் கிடைக்கிறது. 'லோ புரொஃபைல்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அதே வடிவில் வரும் 4060 கார்டு 115 வாட், எட்டு பின் கேபிள் கேட்கும்.

என்விடியாவே 2024 ஜூனில் சின்னப் பெட்டிகளுக்கென ஒரு வழிகாட்டி அளவை அறிவித்தது: நீளம் 304 மி.மீ., கேபிள் வளைவையும் சேர்த்து உயரம் 151 மி.மீ., தடிமன் 50 மி.மீ. படித்ததும் சிரிப்பு வந்தது. அவர்கள் சொல்லும் 'சின்னது' விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் விலையுயர்ந்த பெட்டி. நம்மூரில் புழங்கும் ஆபீஸ் பெட்டியை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அப்போ என்னதான் செய்றது?

என் கருத்து இதுதான். சின்னப் பெட்டியில் பெரிய கார்டைத் திணிப்பது சாமர்த்தியம் இல்லை. ஸ்கேலோடு உட்கார்ந்து மூன்று அளவையும் எடுங்கள். பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் எவ்வளவு என்று படியுங்கள். ஸ்லாட்டில் 75 வாட்டுக்கும் குறைவாகவே அனுமதிக்கும் ஆபீஸ் மாடல்களும் உண்டு. அதனால் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தேடிப் பாருங்கள். எல்லாம் ஒத்துவந்தால் 70 வாட் கார்டு ஒன்று போதும். 180 வாட் சப்ளையில் அதுவே நெருக்கம்தான், 240 வாட் இருந்தால் நிம்மதி. அதற்கு முன்னால் ரேமை 16 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி. ஒன்றும் போட்டுப் பாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்தாலும் தீரும்.

பெரிய கார்டுதான் வேணும்னா, முதலில் பெரிய டவர் வாங்குங்கள். வீட்டு யு.பி.எஸ்.ஸையும் கணக்கில் சேருங்கள். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள், பொருளின் அளவு வாங்குபவருக்கு முக்கியம் என்றால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிடச் சொல்கின்றன. சட்டைக்கு 40, 42 என்று போடுகிறோம். ஒரு மாத வருமானத்தை விழுங்கும் கார்டுக்கு நீளம், உயரம், தடிமன், வாட் நாலையும் பெட்டியின் முகப்பிலும் ஆன்லைன் பக்கத்தின் முதல் வரியிலும் போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆபீஸ் பெட்டியை 'கேமிங் பி.சி.' என்று விற்பவர்கள் உள்ளே எத்தனை வாட் சப்ளை இருக்கிறது என்று சொல்லிவிட்டு விற்கட்டும்.

சென்னையில் இருப்பவர் தப்பான கார்டு வாங்கினால் மறுநாளே கடைக்குப் போய்ச் சண்டை போடலாம். சிவகிரிக்காரர் பார்சலை ஒட்டி, கொரியரைத் தேடி, அது ஈரோடு மாவட்டத்துச் சிவகிரிக்குப் போய்விடாமல் பின்கோடைச் சரிபார்த்து, அப்புறம் 'பெட்டி பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்' என்ற பதிலை வாங்கணும். தம்பிக்கும் அந்தப் பதில்தான் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ராஜபாளையத்தில் டவர் வைத்திருந்த ஒரு நண்பனிடம் நஷ்டத்துக்குக் கார்டைத் தள்ளிவிட்டு, 70 வாட் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டான். ஏற்கெனவே இருந்தது 180 வாட் என்பதால், அதே மாடலுக்கான 240 வாட் சப்ளையையும் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்தான். போன வாரம் ஒரு மெசேஜ்: "வீடியோ பதினோரு மணிக்கே முடிஞ்சிட்டுக்கா. தூங்கப் போறேன்."

ஆக்ஸா பிளேடை எங்கே வைத்தான் என்று கேட்கவில்லை.