அழைத்தவர் யார்?

மக்கள் ஏன் நாடு விட்டு நாடு செல்கின்றனர்? நம் மன்றத்துப் பேச்சரங்குகளில் இக்கேள்வி எழும்போதெல்லாம், ‘வறுமை’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுகிறோம். அது பாதி விடையே என்பது என் கருத்து. வறுமை ஒருவனை வீட்டைவிட்டு வெளியேற்றும். ஆனால், அவன் எத்திசையில் செல்வது என்பதை அழைப்பவனே முடிவு செய்கிறான்.

இலங்கை மலையகத்தைப் பாருங்கள். முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869 முதல் பரவிய இலைநோயால் காப்பி அழிந்த பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வெள்ளைத் துரைமார்க்கு ஆட்கள் தேவைப்பட்டனர். கங்காணிகள் நம் சிற்றூர்களுக்கு வந்து முன்பணம் நீட்டினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அதனை மறுக்க எவரால் இயலும்? பஞ்சம் தள்ளியது, தோட்டம் இழுத்தது, கடன் அங்கேயே கட்டிப்போட்டது.

பின்னர் நேர்ந்தது என்ன? இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, புதிய குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாமாம்! 1974இல் அவர்களையும் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எந்நாடு வேண்டுமென விண்ணப்பிக்கும் உரிமை மக்களுக்குப் பின்னர்தான் வந்தது. எண்ணிக்கையோ முன்னரே முடிவாகிவிட்டது.

திரும்பி வந்தோரை நம் அரசு முற்றிலும் கைவிட்டது என்று நான் கூறமாட்டேன். அவர்களுக்கென 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் பலருக்கு வேலை தந்தன. ஆயினும், அங்கே ‘இந்தியாக்காரர்’ என ஒதுக்கப்பட்டவர் இங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். இலங்கையில் கடைசியாக எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை தந்தது. இடையில் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

1983க்குப் பின் போருக்கு அஞ்சித் தமிழகம் வந்து முகாம்களில் வாழ்வோருள்ளும் இம்மலையக மக்களின் வழிவந்தோர் உளர். இந்நாட்டுக் குடியுரிமை இன்னும் கிட்டாதவர் அவர்களுள் பலர். அவர்தம் முன்னோர் புறப்பட்ட மண் இதுவன்றோ?

நண்பர்களே, நம்முள் சிலர் நாளை கல்விக்கும் வேலைக்குமாகக் கடல் கடப்போம். அந்நாட்டார் நம் உழைப்பைப் பெற்றுக்கொண்டு உரிமையை மறுத்தால் குமுறுவோம். நமக்கென வேண்டும் அந்த நீதியை நம் வாயிலில் நிற்போர்க்கும் வழங்குவோம். குடிபெயர்ந்தோரைக் கண்டு, ‘ஏன் வந்தாய்?’ என்று கேட்கும் எந்த நாடும், ‘அழைத்தவர் யார்? அவர் உழைப்பால் வாழ்ந்தவர் யார்?’ என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.