கோரிக்கை மனு: சென்னைக்குள் வரும் லாரிகளுக்கான தடையை வழித்தடவாரியாக வெளியிடக் கோருதல்

பெறுநர்: சாலைத் தடைகளை விதிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகள்

பார்வை: இதே பொருளில் எங்கள் முந்தைய மனுக்கள் (பதில் வரப்பெறவில்லை)

ஐயா / அம்மையீர்,

வெளியூர்களிலிருந்து வீட்டுச் சாமான் ஏற்றிவரும் லாரி உரிமையாளர்களின் சங்கம் எங்களுடையது.

முன்பு எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன்படி, பொதுமக்களின் பாதுகாப்பும் வசதியும் கருதி ஒரு வகை வண்டியை ஒரு சாலையில் தடை செய்ய அரசுக்கும், அரசு அதிகாரமளித்தவர்களுக்கும் உரிமை உண்டு. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும், பிரிவு 116-இன்கீழ் தகுந்த இடங்களில் பலகை வைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு மட்டுமே அரசிதழ் அறிவிப்பு வேண்டியதில்லை; அதையும் உள்ளூரில் விளம்பரப்படுத்தியாக வேண்டும்.

மதுரை, திருச்சியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வரும் வண்டி, வண்டலூரில் வெளிவட்டச் சாலைக்குத் திரும்பலாம். விட்டால் பெருங்களத்தூரில் மதுரவாயல் பைபாஸ் ஏறலாம். இரண்டையும் தாண்டித் தாம்பரம் நெரிசலுக்குள் நுழைந்தபின் தடைப் பலகை கண்ணில் பட்டு என்ன பயன்? முழு லோடுடன் நிற்கும் வண்டியை அங்கே திருப்ப முடியாது. ஆவடிக்குப் போகிறவர் எங்கே திரும்புவது, போரூருக்குப் போகிறவர் எங்கே திரும்புவது என்பது வண்டலூருக்கு முன்பே டிரைவருக்குத் தெரிந்தாக வேண்டும். கைபேசி வரைபடம் காருக்கான வழியைக் காட்டும். சுரங்கப்பாதையில் கன்டெய்னரின் தலை இடிக்குமா என்று அது சொல்லாது. மெட்ரோ பணிக்காக மாற்றிவிட்ட தெருக்களில் நிலைமை இன்னும் மோசம்.

விடியலில் வந்த வண்டி காலைத் தடை முடியும்வரை ஓரங்கட்டி நிற்கிறது. உள்ளே வந்து கயிற்றை அவிழ்ப்பதற்குள் மாலைத் தடை நெருங்கிவிடுகிறது. பல அடுக்ககங்களில் இருட்டியபின் லிஃப்டில் சாமான் ஏற்ற விடுவதில்லை. பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்த குடும்பம் வெறும் வீட்டில் காத்திருக்கிறது. அடுப்பும் பால் பாத்திரமும் லாரியில். மறுநாள் கூலியும் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது.

எனவே கோருவது:

1. எந்தச் சாலை, எந்த நேரம், எவ்வளவு எடையுள்ள வண்டி என்று வழித்தடவாரியாகத் தமிழில் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். திரும்ப வழியுள்ள சந்திப்புக்கு முன்னரே பலகை வைக்க வேண்டும். அதுவரை, பலகையில்லாத சாலையில் பிடிபடும் வண்டிக்கு அபராதம் விதிக்கக் கூடாது.

2. சுரங்கப்பாதைகளின் உயர அளவை நுழைவுக்கு முன்பே எழுதி வைத்தல்.

3. நகர எல்லையில் காத்திருக்கும் லாரிகளுக்கு நிறுத்துமிடமும் கழிப்பறையும் அமைத்தல்.

4. இம்மனுவுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதிலளித்தல்.

இப்படிக்கு,
செயலாளர்