இடித்தவர் கட்டித் தர வேண்டாமா?



வகுப்பில் ஒரு மாணவன் மற்றவனின் எழுதுகோலை உடைத்துவிட்டால், 'மன்னிப்புக் கேள்' என்பதோடு நாம் நிறுத்துவதில்லை. புதியது ஒன்றை வாங்கிக் கொடுக்கவும் சொல்கிறோம். சிறுவர்களுக்கு நாம் விதிக்கும் இந்த எளிய நீதி வல்லரசுகளுக்கு மட்டும் பொருந்தாமல் போவது ஏன்? ஈராக்கை முன்வைத்து இதனைச் சிந்திக்க விழைகிறேன்.

2003ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அமெரிக்காவும் பிரிட்டனும் நேச நாடுகளும் ஈராக்கின்மீது படையெடுத்தன. காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் பின்னர் கண்டெடுக்கப்படவே இல்லை. ஏப்ரல் 9ஆம் நாள் பாக்தாத் வீழ்ந்தது. அடுத்த சில நாள்களில் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவு போயின. தேசிய நூலகம் தீக்கிரையானது. எண்ணெய் அமைச்சின் கட்டடத்திற்கோ அமெரிக்கப் படையினர் காவல் நின்றனர்! படையெடுத்தவர் எதனை மதித்தார், எதனை மதிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சட்டம் இதில் மௌனமாக இல்லை. பிடித்த நிலத்தில் பொது ஒழுங்கைக் காப்பது ஆக்கிரமித்தவரின் கடமை என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் கூறுகின்றன. உணவு, மருந்து, குழந்தைகளின் கல்வி ஆகியவற்றுக்கும் அவரே பொறுப்பு என்கிறது 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனிவா உடன்படிக்கை. 2003 மே 22ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1483ஆம் தீர்மானமும் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு நாடுகள் என்றே குறித்தது. ஆயினும், சட்டம் பெரிதும் கேட்பது பராமரிப்பை; அறம் கேட்பதோ ஈட்டை. இடிந்ததை மீண்டும் எழுப்பித் தருவதே அறத்தின் அளவுகோல்.

நடந்தது என்ன?

மே 16ஆம் நாள், ஆக்கிரமிப்பு நிருவாகத்தின் தலைவர் பால் பிரெமர், பாத் கட்சியின் உயர்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்க ஆணையிட்டார். சதாம் ஆட்சியில் வேலைக்காகவும் பதவி உயர்வுக்காகவும் கட்சியில் சேர்ந்தோர் ஏராளம். விளைவு, பல்லாயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்கள் வேலை இழந்தனர். ஆசிரியர் இல்லாத கட்டடத்திற்குச் சாயம் பூசினால் அது பள்ளியாகிவிடுமா? அடுத்த வாரமே இராணுவமும் கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் வருமானமின்றித் தெருவில் நின்றனர்.

பணம் செலவிடப்படவில்லையா என்றால், செலவிடப்பட்டது. ஈராக்கின் மறுநிர்மாணத்திற்கு அமெரிக்கா ஏறக்குறைய 60 பில்லியன் டாலர் செலவிட்டது. அதில் குறைந்தது 8 பில்லியன் வீணானது என அமெரிக்க அரசின் சிறப்புத் தணிக்கை அதிகாரியே 2013இல் அறிவித்தார். கான் பனி சாத் என்னுமிடத்தில் சுமார் 40 மில்லியன் டாலர் விழுங்கிய சிறைச்சாலை, ஒரு கைதியைக்கூடக் காணாமல் பாதியில் கைவிடப்பட்டது. இவை போக, ஈராக்கின் சொந்த எண்ணெய் வருமானம் சேர்ந்த நிதியையும் 2004 ஜூன் வரை ஆக்கிரமிப்பு நிருவாகமே செலவிட்டது. உடைத்தவன், உடைபட்டவனின் சட்டைப்பையிலிருந்தே காசு எடுப்பது ஈடு ஆகாது.

"சதாம் உசேன் கொடுங்கோலர், அவரை அகற்றியதே நன்மையன்றோ?" எனச் சிலர் கேட்கக்கூடும். 1988இல் ஹலப்ஜாவில் நச்சு வாயுவால் குர்து மக்களைக் கொன்ற ஆட்சி அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கட்டியை அறுத்த மருத்துவர் தையல் போடாமல் வெளியேறலாமா? நோக்கம் நல்லது என்று சொல்பவருக்கே பொறுப்பு கூடுதல்.

"கட்டித் தருவதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிடுவார்களே" என்பது நியாயமான அச்சம். எனவேதான், கடனை அடைப்பவர் வீட்டின் உரிமையாளர் ஆகிவிடக்கூடாது என்கிறேன். என் பார்வையில் முறை இதுவே:

1. பணம் படையெடுத்தவருடையதாக இருக்க வேண்டும்.
2. எதை முதலில் கட்டுவது என்பதை அந்நாட்டு மக்களே முடிவு செய்ய வேண்டும்.
3. கணக்கு, இரு தரப்பையும் சாராத பொது அமைப்பின் முன் வைக்கப்பட வேண்டும்.
4. படை வெளியேறிய பின்னும் கடன் தொடர வேண்டும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 1942-43இல் ஜப்பானியப் படை அமைத்த சயாம் மரண இரயில் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் மாண்டனர். 1967இல் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. மாண்டவர்களின் வீட்டு வாசலை அது தேடி வரவில்லை. ஈடு யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை நம்மவரைவிட நன்கு அறிந்தோர் யார்?

வரலாற்றுப் பாடத்தில் போர் தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் மனனம் செய்ய வைக்கிறோம். இனி, "அதன்பின் அந்த ஊரை யார் கட்டினார்கள்? யார் பணத்தில்?" என்னும் கேள்விகளையும் மாணவர்முன் வைப்போம். வீட்டில் பெற்றோரும் கேட்கலாம். அப்படிக் கேட்டுப் பழகிய தலைமுறை, போர் முழக்கத்திற்கு எளிதில் கைதட்டாது என்பது என் நம்பிக்கை.

சிந்திப்போம்.