41 மணி நேரத்தின் விலை

ஆண்டுதோறும் நவம்பரில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து பாய்மரப் படகுகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. சேருமிடம் அட்லாண்டிக்கின் அக்கரையில் உள்ள செயின்ட் லூசியா தீவு. இடையே சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். ஏஆர்சி என்று அழைக்கப்படும் இந்தக் கூட்டுப் பயணத்தை 1986இல் தொடங்கியவர் ஜிம்மி கார்னெல். தனியாகக் கடல் கடக்கத் தயங்குகிறவர்கள் சேர்ந்து போனால் பாதுகாப்பும் துணையும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. முதல் ஆண்டே 204 படகுகள் வந்தன. வருகிறவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை மாலுமிகள் அல்லர். சில படகுகளில் ஒரு கணவனும் மனைவியும் மட்டுமே இருப்பார்கள். அவர்கள் கரை சேர்ந்ததும் எல்லோரும் கேட்பது, எத்தனை நாளில் வந்தீர்கள், எத்தனையாவது இடம் என்பதைத்தான். கேட்க வேண்டியது அதுவல்ல என்பது என் கட்சி. ஆள் குறைந்த படகில் வேகத்தை எங்கே விட்டுக்கொடுப்பது என்று அறிந்திருப்பதே பெரிய திறமை.

காரணம் தூக்கம். எந்நேரமும் ஒருவர் கண்விழித்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் போக்குவரத்து விதி. ஆறேழு பேர் இருந்தால் இது ஒரு பாரமே இல்லை. இருவர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். மூன்று மணி நேரம் காவல், மூன்று மணி நேரம் ஓய்வு என்று இரவும் பகலும் மூன்று வாரம் ஓட வேண்டும். அந்த ஓய்வுக்குள்தான் சமையல், பழுது பார்ப்பது, வானிலை பார்ப்பது எல்லாம். காவலில் இருப்பவர் சற்றே கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? எட்டுக் கடல் மைல் தொலைவில் விளக்கு தெரிகிற சரக்குக் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் எதிரே வருகிறது, படகு 6 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். இரண்டும் சந்திக்க இருபது நிமிடம்கூட ஆகாது. தனியாகக் கடல் கடப்பவர்கள் சமையலறையில் முட்டை வேகவைக்க வைத்திருக்கும் அலாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துண்டு துண்டாகத் தூங்குவது இதனால்தான். ஒருவரால் அந்த விதியை முழுதாகக் காப்பாற்ற முடியாது. இருவரால் முடியும், உடம்பு ஒத்துழைத்தால்.

அந்த உடம்பைக் காப்பாற்றுவதுதான் பாய்களைக் கையாளும் கலை. வியாபாரக் காற்று முதுகுப் பக்கமிருந்து சீராக வீசும் வழி இது. ஆனால் இரவில் கருமேகத்தோடு திடீரெனச் சூறை வரும். சில நிமிடங்களில் காற்று இரட்டிப்பாகும். பாய் முழுதாக விரிந்திருந்தால் தூங்குகிறவரை எழுப்பியாக வேண்டும். விவரம் தெரிந்த ஜோடிகள் பொழுது சாயும்போதே பாயைச் சுருக்கிவிடுவார்கள், வானம் தெளிவாக இருந்தாலும். இதனால் இழப்பது எவ்வளவு? சராசரி வேகம் 6 நாட் என்றால் 2,700 கடல் மைலுக்கு 450 மணி நேரம்; ஐந்தரை என்றால் 491. வித்தியாசம் 41 மணி நேரம், இரண்டு நாள்கூட இல்லை. அதற்கு ஈடாக இருவருக்கும் இருபது இரவுத் தூக்கம் கிடைக்கிறது. பாயும் கயிறும் தேய்வது குறைகிறது. காலை வெளிச்சத்தில் தளத்தைச் சுற்றி வந்து, கப்பியில் உரசி நார் பிரிந்த கயிற்றைக் கண்டுபிடித்து ஒரு சாண் நகர்த்திக் கட்டுகிறாரே, அவருக்கு அந்த நிதானம் முந்தைய இரவு தூங்கியதால் வந்தது. இதே தடத்தில் 2016இல் ராம்ப்ளர் 88 என்ற பந்தயப் படகு எட்டு நாட்களுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு கடந்தது. அதைச் செலுத்தியது பெரிய குழு. அதையும் இருவர் ஓட்டும் படகையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

இதில் என்ன பிரமாதம், ஆட்டோ பைலட் ஓட்டுகிறது, செயற்கைக்கோள் இணையம் வானிலை சொல்கிறது என்பார்கள். பாதி உண்மை. ஆனால் ஆட்டோ பைலட் மின்சாரத்தைக் குடிக்கும் இயந்திரம், உப்புக்காற்றில் பழுதாகும் இயந்திரம். நடுக்கடலில் அது நின்றால் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுக்கானைக் கையால் பிடித்தாக வேண்டும். தூக்கத்தில் மிச்சம் வைத்திருந்தவர்களே அதைத் தாங்குவார்கள்.

இதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு: மூன்றாவது ஆளை ஏற்றிக்கொண்டால் என்ன? ஏற்றிக்கொள்வது நல்லதுதான், மூவர் என்றால் ஆளுக்கு ஆறு மணி நேரம் தொடர் ஓய்வு கிடைக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு மீட்டர் படகில் மூன்று வாரம் அறிமுகமில்லாத ஒருவரோடு அடைந்து கிடப்பதும் ஓர் ஆபத்துதான். ஆள் கூடினால் விபத்து ஒழியும் என்பதும் இல்லை. 2021இல் ஏஆர்சி பயணத்தில் ஒருவர், பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்று அமைப்பில் அடிபட்டு இறந்தார். ஆள்பலத்தால் தடுக்கக்கூடிய வகை விபத்தல்ல அது. மறுபுறம், இந்தியக் கடற்படையின் தாரிணி படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பிய இரு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். நீண்ட பயிற்சி பெற்ற அவர்களோடு ஓய்வுபெற்ற தம்பதியை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இரண்டு பேர் என்பதே அசட்டுத் துணிச்சல் என்ற பேச்சுக்கு அது பதில். பணக்காரர் பொழுதுபோக்கு என்ற குறையை மட்டும் நான் எதிர்க்கப் போவதில்லை. படகு விலை அப்படி.

வேகம் மட்டுமே அளவுகோல் அல்ல என்பது ஏஆர்சி அமைப்பாளர்களுக்கும் தெரியாமல் இல்லை. நள்ளிரவானாலும் செயின்ட் லூசியாவின் ராட்னி பே துறையில் ரம் பஞ்சோடு ஆள் காத்திருப்பார். முதல் படகுக்கும் கடைசிப் படகுக்கும் அதே கோப்பை. உல்லாசப் பிரிவில் இன்ஜின் போடவும் அனுமதி உண்டு. எத்தனை மணி நேரம் போட்டோம் என்று தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கேற்ப நேரக் கணக்கு திருத்தப்படும். படகோட்டியின் வார்த்தையை நம்பியே முடிவுப் பட்டியல் தயாராகிறது. அவ்வளவு நம்புகிறவர்கள், இருவர் மட்டும் வந்த படகுகளுக்கு அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டமும் போடலாம்: தூங்கியது எத்தனை மணி நேரம்?