சட்டை உரிக்கும் மரங்கள்

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் மாலை, ஸ்ரீரங்கத்தில் நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வில்லத்து மகள் கனடா நாட்டில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவள் அனுப்பியிருந்த நிழற்படம் ஒன்றை அன்னை கைப்பேசியில் நமக்குக் காட்டினார். முழங்கால் அளவு பனி கிடக்கிறது. அதன் நடுவே இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை வெளேரென ஏழெட்டு மரங்கள் நிற்கின்றன.

"இந்த மரத்துக்கு யாராவது வெள்ளையடித்தார்களா ஐயா? இதன் பெயர் என்ன? மகள் வரும்போது ஒரு கன்று கொண்டுவந்தால் நம் கொல்லையில் வளருமா?" என்று அன்னை அடுக்கடுக்காகக் கேட்டார். குடும்பத் தலைவர் அருகே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். இதய நோய்க்கு மருத்துவம் பெற்றுவருபவர். அவரும் ஆவலோடு நம்மை நோக்கினார்.

அன்னை கேட்ட கேள்விகளுக்கு விடை கூறுவது எளிது. ஆனால் அவ்விடை நம்மை எங்கே கொண்டு சென்றது என்பதைச் சொல்லவே இத்திங்கள் எழுதுகிறோம்.

அம்மரத்தின் பெயர் பிர்ச். வடமொழியில் இதனைப் பூர்ஜம் என்பர். இவ்விரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று மொழியறிஞர் கூறுவர். உலகின் வடபகுதியிலுள்ள குளிர் நாடுகளில் ஏறத்தாழ 60 வகைப் பிர்ச் மரங்கள் உள்ளன. கனடாவில் மிகுதியாகக் காணப்படுவது காகித பிர்ச். ஐரோப்பாவில் காணப்படுவது வெள்ளி பிர்ச். பின்லாந்து மக்கள் வெள்ளி பிர்ச்சைத் தங்கள் நாட்டு மரமாகவே கொண்டுள்ளனர்.

இம்மரத்தை அடையாளம் காண முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும். வெண்ணிறப் பட்டையின் மேல் குறுக்குவாட்டில் சிறுசிறு கருங்கோடுகள் ஓடும். அவை மரம் மூச்சுவிடும் துளைகள். மேற்பட்டை மெல்லிய காகிதச் சுருள்போலத் தானே உரிந்து தொங்கும். பனிக்காலத்தில் இலை இல்லாவிடினும், கொம்புகளின் நுனியில் விரல் போன்ற சிறு பூங்கதிர்கள் இரண்டு மூன்றாய்ச் சேர்ந்து நிற்கும். கோடையில் முக்கோண வடிவில், ஓரம் அரம்போல் அரிந்த இலைகள் தோன்றும். அங்கே ஆஸ்பென் என்னும் வெளிறிய மரமும் உண்டு. தொலைவில் பார்ப்போர் ஏமாறுவர். ஆனால் ஆஸ்பெனின் பட்டை காகிதமாய் உரிவதில்லை. நிழற்படத்திலிருந்த மரங்களில் உரிந்த சுருள்களும் நுனிக் கதிர்களும் தெளிவாகத் தெரிந்தன. ஆகவே ஐயத்திற்கு இடமில்லை.

வெள்ளை நிறத்திற்குக் காரணம் என்ன? மேற்பட்டையின் அணுக்களில் பெட்டுலின் என்னும் வெண்பொருள் நிறைந்துள்ளது. பனிநாட்டில் பகல் வெயில் பனியின் மேல் பட்டுத் தெறித்து அடிமரத்தைச் சுடும். இரவிலோ கடுங்குளிர் உறைய வைக்கும். இவ்விரண்டும் மாறி மாறி வந்தால் கருநிறப் பட்டை வெடித்துப் பிளக்கக்கூடும். வெண்பட்டை வெயிலைத் திருப்பியனுப்பி மரத்தைக் காக்கிறது.

நமக்குப் பனையோலை எப்படியோ, அப்படியே வடநாட்டவர்க்குப் பூர்ஜப் பட்டை. காஷ்மீரத்திலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் ஏடுகள் இப்பட்டையில்தான் எழுதப்பட்டன. 1881-ஆம் ஆண்டில் பக்ஷாலி என்னும் சிற்றூரில் கிடைத்த பழைய கணித நூல் பூர்ஜப் பட்டையில் எழுதப்பட்டதே. ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் 1951 முதல் நடைபெற்ற அகழ்வுகளில் இத்தகைய பட்டைக் கடிதங்கள் ஆயிரத்திற்கு மேல் கிடைத்துள்ளன. அவற்றுள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்ஃபீம் என்ற சிறுவன் எழுதிப் பழகிய எழுத்துகளும் கிறுக்கிய படங்களும் உள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் குதிரை வரைவதில்லையா? அவனும் அதைத்தான் செய்திருக்கிறான்.

"சரி ஐயா, நம் கொல்லையில் வருமா?" என்று அன்னை மீண்டும் கேட்டார்.

வராது என்பதே உண்மை. பிர்ச்சின் வேர் ஆழமாகச் செல்லாது. மேல்மண் எப்போதும் குளிர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். தலையில் வெயிலும் காலடியில் நிழலும் கேட்கும் மரம் அது. ஆண்டுதோறும் நீண்ட குளிர் உறக்கமும் அதற்கு வேண்டும். கனடாவிலேயே கூட, வெப்பமான, வறண்ட இடத்தில் நட்டால் அது நலிந்துவிடும். நலிந்த மரத்தை ஒருவகைத் துளைப்பான் வண்டு பற்றிக்கொண்டு உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுப்போகச் செய்யும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகையைத் தாண்டும் திருச்சிராப்பள்ளியில் அக்கன்று ஒரு கோடையையும் கடக்காது. மகள் தன் வீட்டு முற்றத்தில் நட விரும்பினால், வெயில் கடுமையாகத் தாக்காத பக்கமாக நட்டு, வேரைச் சுற்றிச் சருகும் மரத்தூளும் பரப்பி, மண் காயாமல் பார்த்துக்கொள்ளட்டும். வசந்தத் தொடக்கத்தில் கிளைகளை வெட்ட வேண்டாம். அப்போது வெட்டினால் சாறு வடிந்துகொண்டே இருக்கும்.

அன்னையின் முகம் சற்று வாடியது. "வெண்பட்டை மரம் வேண்டுமென்றால் கனடா வரை போகவேண்டியதில்லை. நாளைக் காலை ஆற்றங்கரைக்கு வாருங்கள், காட்டுகிறோம்" என்றோம்.

மறுநாள் காலை மூவருமாக ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே, முக்கொம்பு நோக்கிக் காவிரிக் கரையோரம் சென்றோம். ஆற்றில் நீர் குறைந்து மணல் திட்டுகள் தெரிந்தன. கரையிலே நல்ல உயரமும் பருமனும் கொண்ட மருத மரம் ஒன்று நின்றது. அடிமரம் வெளிறிய சாம்பல் நிறம். அதில் இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் கலந்த திட்டுகள். கொய்யா மரத்தின் பட்டை உரிவதுபோலத் தட்டையான பெருஞ்செதில்கள் கழன்று விழுந்திருந்தன. உரிந்த இடம் வழுவழுப்பாக மின்னியது. "பாம்பு சட்டை உரிப்பதுபோல மரமும் உரிக்கிறதே!" என்று அன்னை வியந்தார்.

மருதத்தை அறிவதற்கும் பட்டை ஒன்று போதாது. இலை நீண்டு தடித்திருக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் கடுகுபோல் புடைத்திருக்கும். வெளிர் மஞ்சள் நிறச் சிறுபூக்கள் கதிர்களில் பூக்கும். காய்க்கு நீளவாட்டில் ஐந்து சிறகுகள் உண்டு. கருமருதின் காய்க்கும் ஐந்து சிறகுகள் உண்டு. எனினும் அதன் பட்டை கறுத்து, முதலைத் தோல்போல் பிளந்திருக்கும். பூமருது என்று நாம் அழைக்கும் மரமோ ஊதா மலர் பூப்பது, குடும்பமே வேறு. பட்டை, இலை, பூ, காய் ஆகிய நான்கும் ஒத்துவந்தால்தான் பெயரை உறுதியாகச் சொல்லலாம்.

இந்த ஒழுங்கை நம் நகருக்குக் கற்பித்தவர் ஒரு குருவானவர். இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை கே. எம். மாத்யூ, தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டில் ராப்பினாட் உலர்தாவர நிலையத்தைத் தொடங்கினார். செடி கொடிகளைப் பூவோடும் காயோடும் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து வைக்கும் களஞ்சியம் அது. நம் பகுதித் தாவரங்களைப் பற்றி 1980-களில் அவர் வெளியிட்ட பெருநூல்கள் இன்றும் ஆய்வாளர்க்குத் துணை நிற்கின்றன.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தோம். ஆற்றுப் பக்கம் நின்றபோது நம் பேச்சு நின்றுவிட்டது. இடுப்பளவு உயரத்தில் பட்டை வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. தானாக உரிந்த செதில் அன்று. கத்தியால் கட்டை வரை செதுக்கிய காயம். அதன் பக்கத்தில் இன்னொரு காயம். அதனை அடுத்து மற்றொன்று. புதியதும் பழையதுமாக, உள்ளங்கை அகலக் காயங்கள் ஒன்றோடொன்று கை கோத்து மரத்தை ஏறக்குறைய வளைத்துவிட்டிருந்தன. நான்கு விரல் அகலத்திற்குத்தான் முழுப்பட்டை எஞ்சியிருந்தது.

குடும்பத் தலைவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் தாழ்ந்த குரலில், "இதில் இரண்டு வெட்டு என்னுடையது. இதயத்துக்கு நல்லது என்று கஷாயம் வைக்க எடுத்தேன். கொய்யாப் பட்டை போலத் திரும்ப வளர்ந்துவிடும் என்று நினைத்தேன்" என்றார்.

அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மருதம்பட்டை சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இதயத்திற்காக நெடுங்காலமாகக் கையாளப்படுவதே. இன்று வந்தவரும் நேற்று வந்தவரும் நோயாளிக்காகவே வந்திருப்பர். எவரும் மரத்தைக் கொல்ல எண்ணவில்லை. ஒவ்வொருவரும் கையகலம்தான் எடுத்தனர். ஆனால் கையகலங்கள் சுற்றிவந்து சந்திக்கும் நாளில் மரம் செத்துவிடும்.

ஏன் என்பதை ஒவ்வொரு இல்லத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மரம் தானே உரிப்பது இறந்த மேற்பட்டை. அஃது அதன் பழைய சட்டை. அதற்கடியில் உயிருள்ள உட்பட்டை இருக்கிறது. இலைகள் வெயிலில் சமைக்கும் உணவு அவ்வுட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் அதனை அறுத்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். நீர் ஏறும் வழி கட்டையினுள் இருப்பதால் இலைகள் உடனே வாடுவதில்லை. மரம் சில காலம் பசுமையாகவே நிற்கும். அதனால் வெட்டியவர் தாம் செய்ததை அறிவதேயில்லை. வேர் ஓய்ந்த பின்னரே மரம் சாயும்.

பிர்ச்சுக்கும் இதே நியாயந்தான். அதன் மேற்காகிதம் போனால் மரம் தாங்கும். உட்பட்டை வரை சுற்றி அறுத்தால் மடியும். இமயத்தில் கங்கோத்ரிக்கு அப்பால், ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா என்றோர் இடம் உண்டு. பூர்ஜ மரத்தால் பெயர் பெற்ற இடம். விறகுக்காக வெட்டி வெட்டி, பெயருக்குரிய மரமே அங்கு அருகிப்போயிற்று. மலையேறும் வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட் 1990-களில் சீர்பாசாவில் நாற்றங்கால் அமைத்து, அங்கே பூர்ஜக் கன்றுகளை மீண்டும் நட்டார். நம் பழந்தமிழர் வயல் சூழ்ந்த நிலத்திற்கே மருதம் என்று பெயரிட்டனர். பெயர் மட்டும் நின்று மரம் மறைந்த நிலை நமக்கும் வரவேண்டுமா?

ஆகவே வாசகர்களுக்குச் சில சொற்கள். பொதுக்கரையில் நிற்கும் மரம் நம் ஒருவருடையது அன்று. அதில் கத்தி வைக்க வேண்டாம். சொந்த மரமாயின், ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழாகச் சிறு பட்டையே எடுக்க வேண்டும். கட்டையை ஒட்டிய உள்ளடுக்கைத் தொடலாகாது. அக்காயம் முழுதும் ஆறும் வரை மறுபடி எடுக்கலாகாது. இதய நோயாளர் மருத்துவரைக் கேளாமல் கஷாயம் குடிப்பதும், அதனை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவதும் தீங்கு.

மருதம் வளர்ப்பது கடினமன்று. மாசி முதல் சித்திரை வரை மரத்தடியில் விழும் முற்றிய காய்களைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைக்க வேண்டும். வண்டல் மண்ணும் மக்கிய சாணமும் கலந்த பைகளில் ஊன்றி, நிழலில் வைத்து நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். எல்லாம் ஒருங்கே முளைக்கா. சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில், முழங்கை ஆழக் குழியில் நடலாம். முதல் இரண்டு கோடைகளுக்கு நீரும், ஆடு மாடு கடியாமல் வேலியும் இன்றியமையாதவை. இது பெரிதாய் வளரும் மரம்; வீட்டுச் சுவரருகே நட வேண்டாம். குளக்கரை, வாய்க்கால் கரை, கோவில் வளாகத்தின் திறந்த வெளி ஆகியவை ஏற்ற இடங்கள். பங்குத் திருவிழாவில் ஆளுக்கொரு கன்று நட்டுவிட்டு மறந்துவிடுவதைவிட, ஓர் அன்பியத்தார் ஒரு மருதக் கன்றை ஏற்று இரண்டு கோடை காப்பது மேல்.

அன்று காலை குடும்பத் தலைவர் மரத்தடியில் குனிந்து காய்களைப் பொறுக்கினார். அன்னை தம் முந்தானையில் வாங்கிக்கொண்டார். பதினொரு பைகளில் ஊன்றினர், நான்கு முளைத்தன. ஐப்பசியில் ஒன்றைக் கல்லறைத் தோட்டத்து ஓரத்திலும் மற்றவற்றை வாய்க்கால் கரையிலும், உரியவர்களின் இசைவோடு நட்டனர். மருத மரத்தின் படத்தை மகளுக்கு அனுப்பி, "இது நம் ஊர் பிர்ச்" என்று அன்னை எழுதினாராம். சிறு வயதில் அம்மரத்தின் செதில்களைப் பொறுக்கி விளையாடியது நினைவிருப்பதாகவும், பெயர் மட்டும் இன்றுதான் தெரிந்தது என்றும் மகள் பதில் எழுதினாள்.

அண்மையில் அப்பழைய மரத்தை மீண்டும் சென்று பார்த்தோம். புதிய வெட்டு இல்லை. எஞ்சிய அந்த நான்கு விரல் பட்டையின் இரு ஓரங்களும் சற்றே தடித்து, காயத்தை நோக்கி உருண்டு வருகின்றன. ஒரு பக்கத்துக் கிளைகள் மெலிந்திருக்கின்றன, மறுபக்கம் தளிர்த்திருக்கிறது. பிழைக்குமா என்பது இன்னும் சில கோடைகள் சென்றால்தான் தெரியும். அதுவரை அந்த நான்கு விரல் பட்டையை எவரும் தொடாதிருக்க வேண்டும்.