இரட்டைப் பொருள் பேச்சு யாருக்கு லாபம்?

பேச்சு என்பது ஒருவர் கருத்தை மற்றவர் அறிந்து கொள்வதற்காகவே ஏற்பட்டது. அப்படியிருக்க, கேட்பவன் ஒரு விதமாகவும் சொன்னவன் வேறு விதமாகவும் பொருள் செய்து கொள்ளும்படி வேண்டுமென்றே பேசுவதற்குக் காரணமென்ன? புலவர்கள் சிலேடை பாடுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. அதில் இரண்டு பொருளும் கேட்பவனுக்குத் தெரியும். ஒரு பொருளை மடியில் மறைத்துக் கொண்டு பேசும் பேச்சைப் பற்றியே நாம் கேட்கின்றோம்.

கர்ப்பவதியின் வீட்டாருக்கு ஜோசியன் "ஆண் அல்ல பெண்" என்று எழுதிக் கொடுப்பானாம். பெண் பிறந்தால் "ஆண் அல்ல, பெண்" என்றும், ஆண் பிறந்தால் "ஆண், அல்ல பெண்" என்றும் படித்துக் காட்டுவானாம். எது பிறந்தாலும் தட்சணை அவனுக்கே!

இந்த வியாபாரம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதன்று. லிடியா தேசத்து அரசன் குரோசஸ், கிரேக்க நாட்டு டெல்பி கோவிலுக்குப் பொன்னும் வெள்ளியும் கொட்டிக் கொடுத்து, பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று குறி கேட்டான். படையெடுத்தால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்று குறி வந்தது. சுமார் கி.மு. 546-ல் அழிந்தது அவனுடைய சாம்ராஜ்யமே! ஆளனுப்பி நியாயம் கேட்டதற்கு, எந்த சாம்ராஜ்யம் என்று முன்பே கேட்காதது அவன் குற்றமென்று பதில் வந்ததாக ஹெரடோட்டஸ் எழுதியிருக்கின்றார்.

இது கோவிலோடு நின்றுவிடவில்லை, ராஜதந்திரிகளிடமும் இருக்கின்றது. 1967 நவம்பர் 22-ல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 242-வது தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிற்று. அவ்வருஷத்து யுத்தத்தில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டுமென்பது அதில் ஒரு பகுதி. எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா என்பதை ஆங்கில வாசகம் சொல்லவில்லை. பிரெஞ்சு வாசகமோ எல்லாம் என்று கொள்ள இடந்தருகின்றது. ஒரு சாரார் ஆங்கிலத்தையும் மற்றொரு சாரார் பிரெஞ்சையும் காட்டி வாதாடி, அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் வழக்குத் தீர்ந்தபாடில்லை.

இப்படி மழுப்பி எழுதியிராவிட்டால் தீர்மானமே நிறைவேறியிருக்காது என்பார்கள். அது மெய்யாகவே இருக்கலாம். கை தூக்கியவர்களுக்கு ஒற்றுமை கிடைத்தது. அந்த மண்ணில் வாழ்பவர்களுக்குக் கிடைத்ததென்ன?

ஆகவே தோழர்களே! சாமியாடி சொன்னாலும் சட்டசபை அங்கத்தினர் சொன்னாலும் யாருக்கு, எவ்வளவு, எப்பொழுது என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபம் வருமானால், அங்கே இரண்டாவது பொருள் ஒன்று ஒளிந்திருக்கின்றதா என்று பாருங்கள். குரோசஸ் தோற்ற பின் கேட்டதை முன்னமே கேட்பதுதான் பகுத்தறிவு.