செல்வமும் சீலமும் மணவாழ்வும்

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், சொத்து ஆண்வாரிசுக்கே உரியதென்ற நியதியால் தந்தைக்குப்பின் வீடிழக்கப்போகும் நாயகி எலிசபெத், அவ்வீட்டுக்கு வாரிசான காலின்ஸையும், பெருந்தனவந்தரான டார்சி முதன்முறை மணக்கக் கேட்டபோது அவரையும் மறுத்துவிடுகிறாள். அவளுடைய தோழி ஷார்லட்டோ, 27 வயதில், பிழைப்புக்கு வேறு மார்க்கமின்றி அதே காலின்ஸை மணக்கிறாள். ஷார்லட்டைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பெண்ணுக்குச் சுயசம்பாத்தியத்தை மறுத்த சமுதாயமே குற்றவாளி. 1802இல் ஒரு செல்வந்தருக்குச் சம்மதம் சொல்லி மறுநாட்காலையே அதனைத் திரும்பப்பெற்ற ஆஸ்டின், அந்தச் சங்கடத்தைத் தாமே அனுபவித்தவர்.

அச்சங்கடம் இன்றைய பெண்களுக்கு நேராதிருக்க, மலேசியாவில் ஜெஞ்சாரோம் முதல் கிள்ளான் வரை சம்பந்தம் பேசும் பெரியோர்களே, மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரியுங்கள், அது நியாயமே. ஆயினும் அவருடைய குணத்தை அதனினும் கவனமாக விசாரித்து, பெண்ணுக்கென ஓர் உத்தியோகம் அமைந்தபின், அவள் மனமாரச் சம்மதித்தால் மட்டுமே முகூர்த்தம் குறியுங்கள்.